கெட்டிப் போர்வை

போர்வையைக் கார் கூரைமேல் வைத்தது நான்தான். விடுமுறைக்குப் போகும் வழியில் பெட்ரோல் போட்ட இடத்தில் எங்கள் பொடியன் பாலைக் கக்கினான். அவனைத் துடைத்துவிட்டு, போர்வையை ஒழுங்காக மடித்து, பத்திரமாக இருக்கட்டும் என்று கூரைமேல் வைத்து, அப்படியே வண்டியைக் கிளப்பிவிட்டேன். கொஞ்ச தூரம் போனதும் ஏதோ ஒரு பெரிய பறவை பின்னால் பறந்து போவது கண்ணாடியில் தெரிந்தது. எவ்வளவு பெரிசு பாரேன் என்று மனைவியிடம் வேறு காட்டினேன்.

அந்தப் போர்வை இல்லாமல் பொடியன் தூங்கமாட்டான். அவனுக்கு எட்டு மாதம். போன மாதம் வரை எங்கள் வீட்டில் தூக்கம் என்ற பேச்சே கிடையாது. அப்போதுதான் மச்சான் வீட்டுக்கு, அதாவது மனைவியின் அண்ணன் வீட்டுக்கு, ஒருநாள் சாப்பிடப் போனோம். கிளம்பும்போது தன் மகளுக்குப் போர்த்திய பழைய போர்வை என்று இதை மடியில் திணித்தார். விளிம்பு பிய்ந்தது, மெத்தை மாதிரி கெட்டியானது. மச்சான் கொடுக்கும் எதற்கும் நான் மதிப்புக் கொடுப்பதில்லை. ஓசியில் கொடுப்பார், கூடவே அறிவுரையையும் ஓசியில் கொடுப்பார்.

ஆனால் அன்று இரவிலிருந்து பொடியன் தூங்கினான். போர்த்திவிட்டு முதுகில் இரண்டு தட்டு தட்டினால் போதும். புகழை ஒரு பழந்துணிக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. என் கைராசி என்று அலுவலகம் முழுக்கச் சொல்லிவைத்தேன். பிள்ளை தூங்காத அப்பாக்கள் கண் வீங்கிப்போய் என் மேஜைக்கு வந்தார்கள். உள்ளங்கையைக் குவித்துத் தட்டவேண்டும் என்று அவர்களுக்குப் பாடமே நடத்தினேன்.

விடுதி நான் தேர்ந்தெடுத்தது. படத்தில் ஜன்னலுக்கு வெளியே கடல் இருந்தது. நேரில் ஏசி எந்திரங்களின் முதுகுதான் இருந்தது. மேனேஜர் சிரிப்பை இஸ்திரி போட்டு முகத்தில் மாட்டியிருந்தார். குழந்தைகளுக்கென்றே உள்ள விடுதி என்றார். அதற்கு அர்த்தம், ஒரு சக்கரம் கிறீச்சிடும் கம்பித் தொட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து அறையின் ஓரத்தில் நிறுத்துவார்கள் என்பது.

ஒரே அறை. இருட்டுகிற நேரத்தில் பிள்ளையைப் படுக்கப் போட்டால் பெரியவர்கள் எங்கே போவது? நாங்கள் குளியலறைக்குள் போனோம். விளக்கைப் போட்டால் கூடவே மின்விசிறியும் கத்தும் என்பதால் இருட்டிலேயே இருந்தோம். அவள் மூடிய கமோடின் மேல் உட்கார்ந்தாள், நான் கவிழ்த்த வாளியின் மேல். மெல்லும் சத்தம் கேட்காமல் ரொட்டி தின்றோம். காசு கொடுத்து, லீவு போட்டு, ஊர்விட்டு ஊர் வந்து, கக்கூஸில் ஒளிந்து சாப்பிடுவதற்குப் பெயர்தான் விடுமுறை.

அதற்கு முன்னால் என் கைராசி அரைமணி நேரம் தோற்றிருந்தது. பொடியன் என்னை வேலை தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்து அழுதான். அழுது களைத்து ஓய்ந்தபிறகுதான் நழுவி வந்திருந்தோம்.

கதவுக்கு அப்பால் அவன் மறுபடி சிணுங்கினான்.

பிறகு ஒரு சத்தம்.

தட்.

தட்.

நிதானமாக, சீராக, துணிமேல் உள்ளங்கை விழும் சத்தம். சிணுங்கல் அடங்கியது. மனைவி தன் தொடையைத் தட்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். அவள் நான்தான் தட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். இருட்டில் அவள் கை என் கையைத் தேடிப் பிடித்தது. அப்புறம் இன்னொரு கையையும் பிடித்தது.

நான்கு கைகளும் உள்ளேதான் இருந்தன.

கதவைத் திறந்ததும் சத்தம் நின்றது. பொடியன் குப்புறப் படுத்து நல்ல தூக்கத்தில் இருந்தான். பழைய பவுடரும் புளித்த பாலும் கலந்த வாடை. அவன் முதுகில் சட்டை ஓரிடத்தில் மட்டும் சூடாக இருந்தது.

காலையில் மேனேஜரைப் பிடித்தேன். தண்ணீர்க் குழாய்ச் சத்தம் என்றார். குழாய் வந்து பிள்ளையைத் தூங்கவைக்குமா என்றேன். ஜூஸ் இலவசம் என்றார். பேய் பிடித்த விடுதியை இழுத்துப் பூட்டவேண்டியதுதானே என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டேன். இரண்டு மாடி தள்ளி வேறு அறை கொடுத்தார்கள். சுவரில் அதே பூப்படம், அதன்மேல் அதே தூசி. ஜெயித்துவிட்ட தெம்பில் மதியம் நன்றாகத் தூங்கினேன்.

அதைக் கெடுத்தது மச்சானின் போன். முந்தின நாளும் கூப்பிட்டிருந்தார். போர்வை போர்த்தித்தானே படுக்கவைக்கிறீர்கள் என்று அதையே மறுபடி கேட்டார். ஆமாம் என்று புளுகினேன். கூரைமேல் வைத்த கதையைச் சொன்னால் சாகும்வரை சொல்லிக்காட்டுவார்.

அன்று மாலை நான் குளியலறைக்குப் போகவில்லை. அவள் மட்டும் உள்ளே போய்க் கதவை ஒருக்களித்து வைத்தாள். நான் தொட்டிலருகே தரையில் உட்கார்ந்து, கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டிப் பொடியன் முதுகில் வைத்துக்கொண்டேன். எது வந்தாலும் என் கையைத் தாண்டித்தான் அவனைத் தொடவேண்டும்.

பவுடர் வாடை முதலில் வந்தது.

அப்புறம் என் புறங்கையின்மேல் ஒரு தட்டு.

சில்லென்று இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். இல்லை. வெதுவெதுப்பாக, எதையோ கழுவிவிட்டு வந்த கைபோல லேசான ஈரத்தோடு இருந்தது. உள்ளங்கை குவிந்திருந்தது, நான் பாடம் நடத்தியதுபோலவே, என்னைவிடத் திருத்தமாக.

இரண்டு மூன்று முறை தட்டிப் பார்த்தது. நான் கையை எடுப்பதாக இல்லை என்று தெரிந்ததும், என் சுண்டுவிரலைப் பிடித்துத் தூக்கி, கையை ஓரமாக நகர்த்தி வைத்தது. வேலை நடக்கிற இடத்தில் குறுக்கே நிற்பவனை ஒதுக்குவதுபோல.

பொடியன் தூக்கத்தில் சிரித்தான்.

அவனை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். மனைவி பைகளை அள்ளிக்கொண்டு பின்னால் வந்தாள். கீழே வரவேற்புக்கூடத்தில் விளக்குகள் எரிந்தன, டிவி ஓடியது, யாரோ ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜரை நோக்கி நான் வாயைத் திறக்கும்முன் அவள் தடுத்தாள்.

"எங்க அண்ணனைக் கூப்பிடுங்க. ரெண்டு நாளா நம்மளப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. போர்வையைப் பத்தி மட்டும்தான் கேக்கறான்."

முதல் மணியிலேயே எடுத்தார்.

"மச்சான், போர்வை தொலஞ்சுபோச்சு. வர்ற வழியிலயே" என்றேன்.

சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. இந்த விடுதியில் ஏதோ இருக்கிறது, பிள்ளையைத் தட்டுகிறது என்று படபடவென்று சொல்லி முடித்தேன்.

"ஹோட்டல்ல ஒண்ணும் இல்ல மாப்ள." பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல மெல்லப் பேசினார். "எங்க பொண்ணுக்கு நாலு வயசாயிடுச்சு. இனிமே அவளை யாரும் தட்ட வேண்டியதில்ல. தட்டுற அந்தக் கைக்கு வேலை இல்லாமப் போச்சு. ராத்திரியில என்னைத் தட்ட ஆரம்பிச்சுது. அதான் உங்க பையன்கிட்ட அனுப்பிட்டோம்."

எனக்கு ரோஷம் வந்த இடம் எது தெரியுமா? எங்கள் வீட்டில் அவனைத் தட்டித் தூங்கவைப்பது நான் என்றேன்.

"எவ்வளவு நேரம் தட்டுவீங்க?"

"ரெண்டு தட்டு."

"மிச்சத்தை யாரு தட்டினாங்க?"

தோளில் பொடியன் நெளிந்து சிணுங்கினான். என் ஒரு கையில் போன், இன்னொரு கை அவனுக்கு அடியில். மனைவியின் இரண்டு கைகளிலும் பைகள்.

தட்.

அவன் முதுகில் விழுந்தது என் நெஞ்சில் இறங்கியது.

தட்.

எதிரே நின்ற மேனேஜர் பொடியனின் முதுகைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பில்லாமல் அன்றுதான் பார்த்தேன். பாவம், அந்த மனுஷனை அத்தனை பேர் முன்னால் திட்டியிருக்க வேண்டாம்.

பொடியன் பெருமூச்சுவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

"ஒரு மாசமா எங்க வீட்டுல ஒரு சத்தமும் கேக்கலியே மச்சான்" என்றேன். பிடித்துக்கொள்ள எனக்கு அது ஒன்றுதான் மிச்சம்.

"அது கெட்டிப் போர்வை மாப்ள. அதுமேல தட்டினா வெளிய கேக்காது. அதுக்காகத்தான் குடுத்தோம்."