வெட்டி எடுத்த இருமல்

கேம்ப் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிய லோகநாதன், சேற்றில் கால் வைக்காமல் தாண்டித் தாண்டி, சேலையூரில் ஐசக்கின் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு மணி. 1969, ஐப்பசி மாதம். வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. லோகநாதன் மவுண்ட் ரோட்டில் ஒரு கிராமபோன் ரெக்கார்டு கம்பெனியின் ஆள். கக்கத்தில் மெழுகுத்தாளில் சுற்றிய ஒரு டேப் சுருள்.

"பேஜாராப் போச்சு சார். பம்பாய் ஆபீஸ்ல திருப்பிட்டாங்க. வாசிப்புக்கு நடுவுல யாரோ இருமறாங்களாம்."

ஐசக்குக்குச் சுருக்கென்றது. தாம்பரம் வட்டாரத்தில் ஒலிப்பதிவுக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது என்பது ஊர் சொன்னதில் பாதி, அவரே சொல்லிக்கொண்டதில் பாதி.

"இருமல் இருந்தது வாஸ்தவம். ஏழு தடவை. ஏழையும் அப்பவே பிளேடால வெட்டி எடுத்துட்டேனே."

"வெட்டினது தெரியுது சார். ஆனா அந்த இடத்துக்கு முன்னால சன்னமா ஒரு எதிரொலி கேக்குது. நானே கேட்டேன்."

1963 கிறிஸ்துமஸ் வாரத்தில், தாம்பரத்தில் ரயில்வேக்காரர்களின் நடன ஹாலில் பதிவானது அது. பல்லாவரத்து ஆங்கிலோ-இந்தியப் பையன்கள் ஐந்து பேர் சேர்ந்து வாசித்த ஜாஸ். சாக்ஸபோன் வாசித்த டெரன்ஸ் மறு வருஷமே மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்ச் சேர்ந்தான். அவன் மூச்சு பதிவானது இந்த ஒரு டேப்பில்தான். டேப்பில் கரண்ட்டின் ரீங்காரம் உண்டு, நாற்காலி இழுபடும் சத்தம் உண்டு, டிரம்ஸ் ஓங்கினால் மைக் திணறும், இடையில் எலெக்ட்ரிக் ரயில் வேறு ஊளையிட்டுப் போகும். பழைய பதிவென்றால் அப்படித்தான் என்று பம்பாய்க்காரர்கள் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள். இருமலை மட்டும் பொறுக்கவில்லை.

"அஞ்சு மணிக்கு வரேன். ராத்திரி மெயில்ல பம்பாய் போறேன். முடிஞ்சா சுத்தம் பண்ணி வையுங்க. முடியலேன்னாலும் குடுங்க, அங்க அந்த இடத்தையெல்லாம் அழிச்சிடுவாங்க."

அவர் போனதும் ஐசக் டேப்பை மெஷினில் பூட்டினார். எதிரொலி எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியும். சுருளில் ஒரு சுற்றின்மேல் அடுத்த சுற்று சில நாள் ஒட்டிக் கிடந்தாலே, இதன் சத்தம் அதில் லேசாக ஏறிவிடும். இருமலை வெட்டி எறிந்தாலும் பக்கத்துச் சுற்றில் அதன் நிழல் தங்கியிருக்கும். பதிவு முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் அவர் வெட்டினார்; அதற்குள் ஏறியிருக்கிறது.

சாக்ஸபோன் மெல்ல இறங்கி வந்தது. அது ஓய்ந்த இடைவெளியில், வெகு தூரத்தில், ஒரு பெண் இருமினாள்.

ஐசக் மெஷினை நிறுத்தினார்.

அது அவர் மனைவி அமலராணி. இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

அன்று ஹாலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். வீடு திரும்பியதும் ஐசக் தாம்தூம் என்று குதித்தார். "பதிவையே பாழாக்கிட்டியே! வாயை மூடிக்கிட்டு உட்கார முடியாதா உன்னால?" அதன்பின் அவர் மெஷின் பக்கம் போனால் அவள் இருமியதே இல்லை. இருமல் விட்டுவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். வீட்டில் மெஷின் ஓடாத நேரம் கொஞ்சம்தான். இரண்டு வருஷம் கழித்து அவள் ரத்தம் கக்கினாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றார்.

"என் குரலையும் ஒருதடவை பிடிங்களேன்," என்று அவள் ஒரு நாள் கேட்டாள். டேப் வீணாகும் என்று சொல்லிவிட்டார் அந்தப் புண்ணியவான். ஊரான் பாட்டையெல்லாம் பிடித்து வைத்தவரிடம் பெண்டாட்டியின் ஒரு சொல் கூட இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இப்போது உலகத்தில் அவள் சத்தம் என்று மிச்சமிருப்பது இந்த நிழல் இருமல்தான். அதையும் ஐந்து மணிக்கு ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போய் அழித்துவிடுவார்.

தர மாட்டேன் என்று அந்த நிமிஷமே தீர்மானித்தார். மறுபடி ஓடவிட்டு இருமல்களை எண்ணிக்கொண்டே வந்தார்.

இரண்டு. மூன்று. ஏழு.

எட்டாவது இருமல் கேட்டது.

அவர் வெட்டியது ஏழுதான்.

ஒன்பதாவது, பத்தாவது. முதல் தடவையைவிட இப்போது சத்தம் கிட்டே இருந்தது. சாக்ஸபோன் அதற்குப் பின்னால் தள்ளிப் போயிருந்தது. மூடிய அறையில் நீலகிரித் தைலத்தின் வாசனை எழுந்தது. அவள் நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

அமலராணியின் அக்கா ஞானசௌந்தரி பக்கத்துப் போர்ஷனில் இருந்தாள். தட்டில் சோறு கொண்டுவந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன தம்பி இது?"

"அமலா, அக்கா. ஹால்ல அன்னிக்கு இருமினது."

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். முகம் வெளுத்தது.

"இல்ல தம்பி. அன்னிக்கு அவளுக்கு வறட்டு இருமல்தானே? இது ஆஸ்பத்திரில, கடைசி மாசம் இருமின இருமல்."

"நான் கேட்டதே இல்லையே. ஞாயித்துக்கிழமை தவறாம வந்தேனே?"

"நீங்க வந்தா போர்வையைக் கடிச்சுக்குவா. அவருக்கு இருமல் சத்தம் ஆகாது அக்கான்னு சொல்லுவா. நீங்க போனப்புறம் ராத்திரி முழுக்க இருமித் தீர்ப்பா. பக்கத்துல இருந்தவ நான்தானே."

1963-இல் பதிவான டேப்பில், 1966-இன் இருமல்.

"நிறுத்துங்க அதை," என்று கிசுகிசுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டே அவள் போய்விட்டாள். சோற்றுத் தட்டு தரையிலேயே இருந்தது.

ஐசக்குக்குப் பயம்தான். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. புது டேப் ஒன்றைப் பிரித்துப் பூட்டி, மைக்கை அறை நடுவில் வைத்து, பதிவைத் தொடங்கினார்.

"பேசு அமலா. இந்த டேப் பூரா உனக்குத்தான். ஏதாவது பேசும்மா."

மெஷினின் நெற்றியில் ஒரு பச்சை விளக்கு உண்டு. மைக்கில் சத்தம் பட்டால், ஊசி விழுந்தாலும், துடிக்கும். வெளியே ஓட்டின்மேல் மழை அடித்து ஊற்றியது.

விளக்கு துடிக்கவில்லை.

பத்து நிமிஷம் அப்படியே ஓடியது. திருப்பிப் போட்டுக் கேட்டார். அவர் பேசியது இருந்தது. அதற்குப் பிறகு மழை இல்லை, ரீங்காரம் இல்லை, வெறும் டேப்பின் இரைச்சல்கூட இல்லை. அவ்வளவு சுத்தமான பதிவை அவர் ஆயுளில் செய்ததில்லை.

அவர் மனம் உடைந்து மெஷினை அணைத்தார். சக்கரங்கள் சுற்றி நின்றன.

அவர் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி இருமினாள்.

வெகுநேரம் அடக்கி வைத்த இருமல். அடுக்கடுக்காக, மூச்சு வாங்க இடமில்லாமல், நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. பிடரியில் சூடான மூச்சு பட்டது.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மெஷினில் பதிவு ஓடுகிறவரை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இருமு அமலா," என்று மேஜையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். "மெஷின் நின்னுபோச்சு. நல்லா இருமும்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சொன்னபடி ஐந்து மணிக்கு லோகநாதன் வந்தார். டேப்பைத் தர முடியாது என்று ஐசக் சொன்னதும் அவர் காலில் விழாத குறை. ஒரு தடவை போட்டாவது காட்டுங்கள் என்று கெஞ்சினார். ஐசக் போட்டார்.

ஜாஸ் பொங்கி வந்தது. டெரன்ஸின் சாக்ஸபோன் பளிங்குபோல் ஒலித்தது. இடைவெளிகளில் நிசப்தம். ஐசக் காதைத் தீட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். ஒரு இருமல் இல்லை. ஒரு நிழல்கூட இல்லை. அவருக்காக அவளே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

"எப்படி சார் பண்ணீங்க? மாயமா கீதே!"

வைத்துக்கொள்ள அதில் இனி என்ன இருக்கிறது? ஐசக் மெஷினை அணைத்துச் சுருளைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டிக்கொண்ட லோகநாதன், குடையை விரிக்காமல் உள்ளே பார்த்தார்.

"சார், உள்ள யாருக்கோ இருமல் பலமா இருக்கே. சும்மா விடாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க."

ஐசக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காட்டியிருக்கணும் சார்," என்றார்.

அவர் குரல் கேட்டதும் உள்ளே இருமல் பாதியில் நின்றது.