நூல் எரிந்த சால்வை

விருத்தாசலத்தில் மே மாதம் சால்வை பின்னுகிறவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புதான் வரும். மதிவதனி பின்னினாள். குழம்பு கொதிக்கிற நேரத்தில் இரண்டு வரிசை, மத்தியானம் கரண்ட் போனால் இன்னும் கொஞ்சம். விற்பதற்கு இல்லை. கை சும்மா இருந்தால் மனசு கண்ட இடத்துக்கும் போகிறது, அதற்காகத்தான். நுனி வளைந்த கொக்கி ஊசி ஒன்று எப்போதும் அவள் கொண்டையில் செருகியிருக்கும்.

"இந்த வெயிலுக்குச் சால்வையா? எரியிற அடுப்புக்குப் போர்வ போத்துற மாதிரி இருக்குது" என்பான் அவள் புருஷன் தமிழ்செல்வன்.

பின்னியவற்றை இன்ஸ்டாகிராமில் போட ஆசை. வீட்டுச் சுவரில் மாட்டிப் படம் எடுத்தால் ஸ்விட்ச் போர்டும் பல்லியும் சேர்ந்து விழுந்தன. செராமிக் பேட்டைக்குப் பின்னால் மூடிக்கிடக்கும் பொம்மைக் கம்பெனியில் வெளிச்சம் நன்றாக விழும் என்று யாரோ சொன்னார்கள். ஸ்கூட்டியில் சால்வைப் பையை முன்னால் வைத்து, ஆறு வயது மகள் இனியாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். மணி மூன்று இருக்கும். ரோட்டில் தார் இளகிக் கிடந்தது.

கேட்டைத் திறந்தது அர்ச்சுனன்; போனில் முன்பே பேசியிருந்தாள். முதலாளி சென்னைக்குப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. சாவி இவரிடம். முன் ஷெட்டில் தன் மாட்டுக்கு வைக்கோல் அடைத்து வைத்திருந்தார்.

"வாம்மா. கல்யாண ஆல்பமா எடுக்கப் போற?"

"சால்வைங்கண்ணே. நானே பின்னுனது."

ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். "மீன் புடிக்கலாம் போல இருக்குது."

இனியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிக்காத பாப்பா. உங்கம்மாவ மாதிரி இங்க ஒருத்தி இருந்தா. இதப் பாரு" என்று அலமாரியிலிருந்து ஒரு பீங்கான் பொம்மையை எடுத்துத் தூசி ஊதினார்.

சாண் உயரப் பெண் பொம்மை. தோளில் வெள்ளைச் சால்வை. மதிவதனி அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். செதுக்கிய வேலை இல்லை. ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணிக்குள் நுழைந்து வந்திருந்தது. கொக்கி ஊசி பிடித்த கைதான் இதைச் செய்ய முடியும். இறுக்கமான கை. ஒரு கண்ணிகூடத் தளரவில்லை.

"இது நெசமான பின்னலாண்ணே?"

"பின்ன? ராஜாம்பாள்னு பேரு. அவ பின்னிக் குடுப்பா. அதக் களிமண் கூழுல முக்கி, ஈரத்தோட பொம்மைக்குப் போத்தி, சூளைல வச்சிடுவாங்க. நூலு எரிஞ்சி போயிடும். மண்ணு நிக்கும்."

"அப்ப இதுக்குள்ள நூலே கெடயாது."

"நூலு போன வழிதான் இருக்குது."

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

அர்ச்சுனன் சாவியைத் துண்டில் துடைத்தார். "காலைல வேலைக்கு வந்தா. சாயங்காலம் வெளிய போனத யாரும் பாக்கல." பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "எம்பொண்ண சேத்தியாத்தோப்பு பஸ்ஸு ஏத்தி உட்டுட்டு வந்துடுறேன். கேட்ட வெளியால பூட்டிக்கிறேன், ஆடு பூந்துச்சின்னா வைக்கல மேஞ்சிடும். பயப்படாத."

"பட்டப்பகல்ல என்னண்ணே பயம்?"

"டாட்டா மாமா" என்றாள் இனியா.

மதிவதனி அவள் தலையில் தட்டினாள். "போயிட்டு வாங்கன்னு சொல்லு. நாம கெளம்புனாலும் போறேன்னு சொல்லக் கூடாது. என்ன சொல்லணும்?"

"போயிட்டு வரேன்."

வெளியே பூட்டு விழும் சத்தம் கேட்டது.

உள் ஷெட் நீளமாகக் கிடந்தது. உடைந்த ஓட்டுக் கூரை வழியாக வெயில் கம்பிகளாக இறங்கியது. அச்சுகளும் தலையில்லாத பொம்மைகளும் அடுக்கிய பலகைகள் மேல் மதிவதனி சால்வைகளைப் போட்டுப் படம் எடுத்தாள். நன்றாகத்தான் வந்தது. ஜங்ஷன் பக்கம் ஒரு ரயில் ஊதியது. கம்பெனி மூடி இத்தனை வருஷம் ஆகியும் ஈரக் களிமண் வாசனை ஏன் அடிக்கிறது என்று ஒரு நொடி நினைத்தாள். கூரை ஒழுகியிருக்கும் என்று விட்டுவிட்டாள். மழை பெய்து மாசக்கணக்கு ஆகியிருந்தது.

"அம்மா, இங்க ஒரு குட்டி வூடு இருக்குது."

ஷெட்டின் கோடியில் சூளை. குனிந்து நுழையும் செங்கல் அறை. இரும்புக் கதவைக் கழற்றி விற்றுவிட்டிருந்தார்கள். உள்ளே இனியா நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் தரையில் அது உட்கார்ந்திருந்தது.

உட்கார்ந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தலையோடு சால்வையைப் போர்த்திக்கொண்டு, முதுகைக் கூனி, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி. முழு ஆள் அளவு. வெள்ளைப் பீங்கான். முன்பக்கம் திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. போர்வை மட்டும் ஆளின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

இதை ஒருத்தி பின்ன எத்தனை மாதம் ஆகியிருக்கும்! மதிவதனிக்கு முதலில் வந்தது பொறாமை. அதே இறுக்கமான கை. ஓரத்தில் மட்டும் கடைசி வரிசை பாதியில் நின்றிருந்தது. அங்கிருந்து ஒரு நூல் தொங்கியது. நூலின் தலையில் ஒரு கண்ணி, மூடாமல், வாயைத் திறந்தபடி.

பின்னுகிறவர்களால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. திறந்த கண்ணியை யாராவது இழுத்தால் மொத்த உழைப்பும் சரசரவென்று பிரிந்துவிடும். அவள் கை தானாகக் கொண்டைக்குப் போய் ஊசியை உருவியது. கண்ணிக்குள் நுழைத்து, நூலை வாங்கி, ஒன்று போட்டாள். இரண்டு, மூன்று. நூல் ஈரமாக இருந்தது. அது அப்போது உறைக்கவில்லை.

இதைப் படம் எடுக்க வேண்டும் என்று தோன்றியது. போன் வெளியே பலகை மேல் இருந்தது. பாதியில் எழுந்து போகும்போது எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். கண்ணி நழுவாமல் இருக்க ஊசியை அதற்குள்ளேயே விட்டாள்.

"தொடாத. இங்கியே நில்லு" என்றாள் மகளிடம்.

போனை எடுத்துத் திரும்பினாள். வாசலில் குனிந்தாள்.

இனியா நின்ற இடத்தில் இல்லை.

"அம்மா, உள்ள சில்லுன்னு இருக்குது."

குரல் சால்வைக்குள்ளிருந்து வந்தது. குழந்தை உள்ளே முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். முகமும் ஒரு முழங்கையும் மட்டும் தெரிந்தன. முன்பு ஒரு ஆள் நுழையுமளவு இருந்த திறப்பு, இப்போது ஒரு தட்டின் அளவு.

ஊசியைக் காணோம்.

"இனியா, வெளிய வா."

"வர முடியலம்மா. அக்கா முடிச்சிட்டு உடறேன்னாங்க."

"எந்த அக்கா?"

"பின்னாடி உக்காந்திருக்காங்களே."

மதிவதனி கையை உள்ளே விட்டாள். மகளின் தோள். அதைத் தாண்டிக் குளிர்ந்த காற்று. அதையும் தாண்டி, ஈரமான ஏதோ ஒன்று அவள் விரலை மெல்லத் தள்ளி வெளியே விட்டது.

சளக்.

திறப்பின் ஓரத்தில் ஒரு கண்ணி புதிதாக விழுந்தது.

சளக்.

இன்னொன்று.

கத்தினாள். அரை முழக் கனத்துக்குச் செங்கல் சுவர் இருந்த சூளை சத்தத்தை விழுங்கிக்கொண்டது. போனில் அர்ச்சுனனைக் கூப்பிட்டாள்; மணி போகவே இல்லை. வெளியே ஓடினால் கேட்டில் பூட்டு. ஓடிவிட்டு வருவதற்குள் இது மூடிவிடும். தரையில் கிடந்த அரைச் செங்கலை எடுத்துச் சால்வையின் பக்கவாட்டில் ஓங்கி அடித்தாள்.

பீங்கானில் மயிரிழையாக ஒரு கீறல் விட்டது.

"அம்மா, வலிக்குது!"

இனியாவின் முழங்கையில், கீறல் விட்ட அதே இடத்தில், ரத்தம் எட்டிப் பார்த்தது. அங்கே கல் படவே இல்லை.

செங்கலைப் போட்டாள்.

எரிந்த நூலின் நெடி மூக்கில் ஏறியது. திறப்பு ஒரு டம்ளர் வாய் அளவுக்கு வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு கண் மட்டும் தெரிந்தது. குழந்தையின் மூச்சு சுருக்கென்று உள்ளே போய், வெளியே வரச் சிரமப்பட்டது. இப்போதுதான் இனியாவுக்குப் பயம் வந்திருந்தது.

"அம்மா, இருட்டா இருக்குது."

"இங்கதான் இருக்கேன். கண்ண மூடாத."

உடைக்க முடியாது. இழுக்க முடியாது. மிச்சம் ஒரே வழி. பின்னியதைப் பிரிக்க வேண்டும். கடைசியாக விழுந்த கண்ணியின் நூலை நகத்தால் கிளப்பி இழுத்தாள். வந்தது. ஈரமாக, மண் வழிய, ஒவ்வொரு கண்ணியாக அவிழ்ந்து வந்தது. உள்ளேயிருந்து அந்தக் கை மறுபடியும் போட்டது. அவள் அவிழ்த்தாள். அது போட்டது.

விரல் நுனி தேய்ந்து எரிந்தது. அவள் நிறுத்தவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. இறுக்கமான கை மெதுவான கை. ஒவ்வொரு கண்ணியையும் இழுத்து இறுக்கிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். அந்த இடைவெளிக்குள் அவள் ஒன்று கூடுதலாக அவிழ்த்தாள். அவிழ்த்த நூல் காலில் சிக்காமல் இருக்க, பழக்கத்தில், இடது கையில் சுற்றிக்கொண்டே போனாள். கண் தெரிந்தது. பிறகு மூக்கு. பிறகு முகம். ஒரு தோள் வெளியே வந்ததும் நூலை விட்டுவிட்டு இரண்டு கையாலும் மகளைப் பிடித்து இழுத்தாள். தோல் உரசிச் சிராய்த்துக்கொண்டு இனியா மடியில் வந்து விழுந்தாள்.

எழுந்து ஓடப் பார்த்தாள்.

இடது கை வரவில்லை.

சுற்றிய நூல் மணிக்கட்டு வரை வெள்ளையாக இறுகியிருந்தது. விரல் மடங்கவில்லை. தட்டினால் டம்ளர் தட்டிய மாதிரிச் சத்தம். அதன் மறுமுனை சால்வைக்குள் போய் விறைப்பாக நின்றது. பிடித்து இழுத்தாள். உள்ளேயிருந்தும் இழுத்தது. அவசரம் இல்லாத இழுப்பு. அவள் குதிகால் தரையில் தேய்ந்து திறப்பை நோக்கி நகர்ந்தது.

"நீ ஓடு. கேட்டுக்கிட்ட போயி நில்லு."

"நீ?"

"ஓடுடி!"

இனியா அழுதபடி வாசலுக்குப் போனாள். அங்கே நின்றாள். திரும்பி, அம்மாவைப் பார்க்காமல், சால்வையின் திறப்பைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சொல்லிக்கொடுத்திருந்ததை மறக்காமல் சொன்னாள்.

"அக்கா, போயிட்டு வரேன்."

நூல் தளர்ந்தது.

மதிவதனியின் கையிலிருந்த வெள்ளைப் பீங்கான் ஓடு ஓடாகக் கழன்று விழுந்தது. உள்ளே நூல் இல்லை.

சூளைக்குள்ளிருந்து, காது மடலில் சொன்ன மாதிரி, ஒரு பெண்குரல்:

"வா."

அர்ச்சுனன் வந்து திறக்கும்போது இருவரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். மகளின் முழங்கையையும் தாயின் வெளுத்த கையையும் பார்த்தார். "சால்வையெல்லாம்?" என்றார்.

"உள்ள கெடக்குதுண்ணே."

எடுத்துத் தரட்டுமா என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் தன் வைக்கோலை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதாகக் கேள்வி.

தமிழ்செல்வனிடம், உடைந்த பீங்கான் இனியாவின் கையைக் கிழித்துவிட்டது என்றாள். நூல், மிச்ச ஊசிகள் எல்லாவற்றையும் பையில் கட்டிப் பரண் மேல் போட்டாள். மகளை உட்கார வைத்துப் புதுப் பாடம் நடத்தினாள். இனிமேல் கிளம்பும்போது போறேன் என்றுதான் சொல்ல வேண்டும். யாரிடமும் வரேன் என்று சொல்லக் கூடாது.

"நீதான அப்படிச் சொல்லச் சொன்ன?"

"இப்ப சொல்லக் கூடாதுன்றேன்."

ஒரு வாரம் கழித்துக் காலையில் கூடத்து நாற்காலியில் ஒரு சால்வை கிடந்தது. அவள் பின்னியது இல்லை. இறுக்கமான கண்ணிகள். கையகலம்தான் இருந்தது. திறந்த கண்ணிக்குள் சூளையில் தொலைந்த அவளுடைய ஊசி. ஊசியை உருவி, நூலைப் பிரித்து, தூரக் கொண்டுபோய் எரித்தாள். மறுநாள் இரண்டு கையகலம் இருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். எரித்தால் கூடுதலாக வளர்ந்தது. எரிப்பதை நிறுத்தினாள். பிரிக்க மட்டும் செய்தாள்; ராத்திரியில் அது மறுபடியும் வளர்ந்தது. காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை பிரித்தாள். சோறு ஆறிப்போகும். எங்கேயும் வெளியே போவதில்லை. போனால் அன்றைக்குப் பிரிக்க முடியாமல் போகும்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்றான் தமிழ்செல்வன், அதைப் பார்த்து. "பரவால்ல, பாப்பாவுக்கு அளவா இருக்குது."

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. வேன் வந்து ஹாரன் அடித்தது. இனியா பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"போறேம்மா."

"ம். பாத்துப் போ."

மதிவதனி மடியில் நூலோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி அவளுக்குப் பின்னால், கூடத்தில் இருந்தது. இனியா ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்தாள். பிறகு தாயின் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்து, யாரோ ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி, தணிந்த குரலில் சொன்னாள்.

"இன்னிக்கு ஸ்கூல் இருக்குது அக்கா. லீவு உட்டதும் வரேன்."

பின்னால் கூடத்தில் சத்தம் கேட்டது.

சளக்.