இறக்கத்தில் பிடிக்கும் பிரேக்

காருக்கு முன்னால் அதன் நாற்றம்தான் பட்டறைக்குள் வந்தது. காந்திப்போன பிரேக்கின் நாற்றம்.

நவம்பர் மாதம். மதியச் சாப்பாட்டின் சூடு வயிற்றில் இருக்கும்போதே மலை வெளிச்சத்தை விழுங்கிவிட்டிருந்தது. வாசலில் வந்து நின்ற பழைய சிவப்புக் காரின் முன்சக்கரங்களிலிருந்து மெல்லிய புகை கிளம்பியது. அவற்றின் மேல் விழுந்த பனித்துகள்கள் சீறிக் கரைந்தன.

நார்வேயின் மேற்குக் கரையில், மலைகளுக்கு நடுவே நுழைந்து நீளும் ஃபியோர்டுக் கடலின் கடைசி மூலையில், படகுத்துறைக்கு அடுத்து இருந்தது அந்தப் பட்டறை. டோருனும் அவள் கணவன் ஆஸ்கெய்ரும் அதை நடத்தினார்கள். மலைமேல் இருக்கும் வீடுகளுக்கு ஒரே சாலைதான். வளைந்து வளைந்து ஏறி, நடுவில் ஒரு சுரங்கத்துக்குள் புகுந்து போகும்.

காரை ஓட்டி வந்த எய்லிஃப் மலைமேல் ஆடு வளர்ப்பவன். போன மாதம்தான் இதை ஊர்க் கிழவர் ஒருவரிடமிருந்து வாங்கியிருந்தான்.

“பிரேக் பிடிக்கலையா?” என்று டோருன் கேட்டாள்.

“பிடிக்குது. அதான் பிரச்சினை. நான் மிதிக்காமலே பிடிக்குது.”

“பொண்டாட்டி பக்கத்துல உக்காந்திருந்தா எல்லாக் காரும் அப்படித்தான்,” என்றான் ஆஸ்கெய்ர்.

எய்லிஃப் சிரிக்கவில்லை. “நேத்து சுரங்கத்துக்கு நடுவுல நின்னுடுச்சு. பின்னாடி மீன் லாரி. என் பின்சீட்ல குழந்தை. லாரிக்காரன் சுவத்துல உரசி நிறுத்தினான். இல்லேன்னா…”

டோருன் முன்சக்கரத்தின் அருகே குனிந்தாள்.

“ஏத்தத்துலயும் இப்படியா?”

“இல்ல. இறக்கத்துல மட்டும்.”

டோருன் தானே ஓட்டிப் பார்க்கக் கிளம்பினாள். எய்லிஃப் பின்சீட்டில் ஏறினான். முன்னால் வரச் சொன்னாள். “இங்கயே இருக்கேன்,” என்றான் தாழ்ந்த குரலில்.

ஏறும்போது கார் ஒழுங்காக ஓடியது. திரும்பி இறங்கிய முதல் வளைவில், அவள் கால் தொடும் முன்பே பிரேக்கின் மிதிகட்டை தானாகக் கீழே போனது. டயர்கள் கிறீச்சிட்டன. கார் பனியில் வழுக்கி, தடுப்புக் கம்பியை ஒட்டி நின்றது. கீழே கறுப்பாகத் தண்ணீர்.

பக்கத்து இருக்கையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தது போலிருந்தது.

எய்லிஃப்தான் பயந்துவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

காரை அவன் பட்டறையிலேயே விட்டுப் போனான். மறுநாள் டோருன் அதைத் தாங்கிகளில் ஏற்றிச் சக்கரங்களைக் கழற்றினாள். பிரேக் பேட்கள் தேய்ந்திருந்தன, ஆனால் இறுகவில்லை. பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்கள் உள்ளே உப்பிப் போயிருந்தன. அப்படி உப்பினால் போன ஆயில் திரும்பி வராது. காலை எடுத்தாலும் பிரேக் விடாது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. குழாய்களை மாற்றினாள், ஆயிலை அழுத்தித் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றினாள். மிதிக்காமலே கட்டை ஏன் இறங்க வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் அந்தக் குழாய்களில் பதில் இல்லை. அதை அவள் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

உள்ளே விளக்கடித்துப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. ஓட்டுபவரின் பக்கத்து இருக்கைக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில், விரிப்பு ஓட்டையாகிக் கிடந்தது. அதன் அடியில் தகரத்தின் பெயிண்ட்கூடத் தேய்ந்து பளபளத்தது. ஒரு வலது கால் அளவுக்கு.

அங்கே மிதிப்பதற்கு எதுவுமே இல்லை.

இனி ஆயில் ஊற்றி, குழாய்களுக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே பிரேக்கை மிதிக்க, மற்றவர் அடியில் படுத்துச் சக்கரத்துத் திருகைத் திறந்து மூட.

“ஆஸ்கெய்ர், வந்து ஏறு,” என்று கத்திவிட்டு அவள் அடியில் புகுந்தாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“மிதி.”

கட்டை இறங்கியது.

“பிடிச்சுக்கோ.” திருகைத் திறந்தாள். குமிழ் குமிழாக ஆயில் வந்தது. மூடினாள். “விடு.”

நாலு சக்கரத்திலும் இப்படியே. வழக்கமாக ஆஸ்கெய்ர் இந்த வேலையில் வாய் ஓயமாட்டான். பாட்டுப் பாடுவான், காப்பி கேட்பான். இன்று பேச்சே இல்லை. அவள் சொன்னதும் மிதித்து, சொன்னதும் விட்டு, அத்தனை கச்சிதமாக அவன் ஒருநாளும் செய்ததில்லை.

“கோபமா?” என்று கேட்டாள்.

கடைசிச் சக்கரத்தில் காற்று நின்று, ஆயில் தெளிவாக வந்தது. திருகை இறுக்கினாள்.

அப்போது வாசல் கதவு திறந்தது. பூட்ஸிலிருந்து பனியை உதறும் சத்தம்.

“கூப்பிட்டியா? துறையில ஒருத்தன் வண்டி வழுக்கிடுச்சு. தள்ளிவிட்டுட்டு இப்பதான் வரேன்.”

ஆஸ்கெய்ரின் குரல்.

டோருன் மெல்ல வெளியே நகர்ந்து எழுந்து, கண்ணாடி வழியே பார்த்தாள். ஓட்டுபவர் இருக்கை காலி.

பிரேக் கட்டை தரைவரை அமுங்கியிருந்தது.

“விடு,” என்று அவள் சொல்லவே இல்லை.

அவளிடமிருந்து கிசுகிசுப்பாகத்தான் அந்தச் சொல் வந்தது.

“விடு.”

கட்டை மெதுவாக மேலே வந்தது.

ஆஸ்கெய்ரும் அதைப் பார்த்தான். கையிலிருந்த தொப்பியை அவன் கசக்கிக்கொண்டே நின்றான்.

“இது மாக்னாரோட காரா?” என்றான் கடைசியில்.

“யாரு, அந்த முதியோர் இல்லத்துல இருக்கிறவரா?”

“அவன்தான். இறக்கத்துல பிரேக்கே தொடமாட்டான். படகைப் பிடிக்கணும்னு பறப்பான். போர்கில், அவன் பொண்டாட்டி, பக்கத்துல உக்காந்து காலால தரையை மிதிச்சுக்கிட்டே வருவா. ‘மெதுவா, மெதுவா’ன்னு. அவன் வாயை மூடுன்னுவான்.” ஆஸ்கெய்ர் தொப்பியைக் கீழே வைத்தான். “ஒருநாள் நான் துறையில நின்னுட்டிருந்தேன். காரை நிறுத்திட்டு என்கிட்ட சொன்னான், ‘இன்னைக்கு ஒருவழியா சத்தம் போடாம வந்தா’ன்னு. நான்தான் எட்டிப் பாத்தேன். அவ கண்ணு திறந்தபடி இருந்துச்சு. மேல் வளைவுலயே உயிர் போயிருக்கணும்.”

அன்று மாலையே டோருன் எய்லிஃபுக்குப் போன் செய்தாள்.

“சரியாயிடுச்சா?” என்றான்.

“பிரேக்ல இனி கோளாறு இல்ல. ஆனா குழந்தையை இதுல ஏத்தாதே.”

ஏன் என்று அவன் கேட்கவில்லை. “நேத்து வளைவுல, பக்கத்து சீட்ல அந்த மூச்சை நானும் கேட்டேன்,” என்றான்.

காரை உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். டோருன் கூடவே போய், அது நசுங்கித் தகரக்கட்டி ஆகும்வரை நின்றாள். எதற்கென்று தெரியாமல் அழுகை வந்தது. போர்கில் பயந்து பயந்தே செத்தவள். எது ஆபத்து, எது இல்லை என்று அவளுக்கு இனி எப்படித் தெரியும்? சுரங்கத்தின் இருட்டும் அவளுக்குப் பயம்தானே?

பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில், மலைமேல் ஒரு வேலையை முடித்துவிட்டு டோருன் தன் வேனில் தனியாக இறங்கினாள். புது வேன். பக்கத்து இருக்கையில் ஒரு கைக்குட்டைகூட இல்லை.

மேல் வளைவைத் தாண்டியதும் வண்டிக்குள் ஒரு மணி ஒலிக்க ஆரம்பித்தது. டிணுங், டிணுங், டிணுங். அவள் தன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். மாட்டித்தான் இருந்தது.

முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று சொல்லும் விளக்கு.

டோருன் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். பக்கத்தில் பார்க்கவில்லை. பார்க்காமலே கையை நீட்டி, அந்த பெல்ட்டை இழுத்து மாட்டினாள். வெறும் இருக்கைக்கு வேண்டியதைவிட அதிக நீளம் இழுக்க வேண்டியிருந்தது.

மணி நின்றது.