மங்கம்மாளை யார் கேட்டார்கள்?

கொழுந்தன் கோபால்சாமி தள்ளிவிட்ட எவர்சில்வர் டம்ளர் உருண்டுபோய் வாசற்படியில் இடித்து நின்றது. சாமைக் கஞ்சி தரையெல்லாம் ஓடியது. விடிந்ததும் விடியாததுமாக இப்படியா!

“கஞ்சி ஊத்திக் குட்த்து என் வாய அடைக்கப் பாக்காதீங்க அண்ணி! பத்து மணிக்குப் பெரியவங்க வர்றாங்க. இன்னிக்குப் பாகம் பிரிச்சே ஆவணும்!”

அந்த டம்ளரே ஒரு பரிசுதான். எழுபத்தெட்டில் திருப்பத்தூர் கல்லூரியில் கோபால்சாமி பி.ஏ. சரித்திரம் படித்தபோது, அமெரிக்க மாநிலங்கள் நாட்டை விட்டுப் பிரிந்து போகலாமா கூடாதா என்று விவாதம் வைத்தார்கள். பிரியலாம் என்று பேசி அதை ஜெயித்தான். ஜெயித்த பேச்சை மகராசன் அதோடு விட்டானா? கல்யாணமான மூன்றாம் மாதமே அது குடும்ப நிலமான கீழ்க்கொல்லை வரைக்கும் வந்துவிட்டது.

“இஷ்டப்பட்டுச் சேர்ந்த மாநிலம் இஷ்டப்பட்டாப் பிரியலாம். நம்ம வூட்டுக்கு மட்டும் இன்னா?”

“ஒண்ணா இருந்தாத்தாண்டா பலம்,” என்றான் அவள் புருஷன் மாதையன். “அங்கியும் பிரிய வுடாம சண்ட போட்டு ஜெயிச்சாங்கன்னு நீதான சொன்னே?”

“ஜெயிச்சது துப்பாக்கிதாண்ணா, நியாயமில்ல! எல்லாரும் அண்ணி கைக்குள்ளயே இருக்கணும். அதுக்குத்தான் உன்னத் தூண்டி வுடறாங்க!”

மாதையன் கையை ஓங்கினான். மங்கம்மாள் நடுவில் புகுந்து தடுத்தாள். அவள் நெஞ்சு வெந்துபோயிற்று. தாயில்லாத நாலு வயசுப் பிள்ளையாக அவள் இடுப்பில் ஏறியவன்... அவன் படிப்புக்காகப் புளிமூட்டையைத் தலையில் சுமந்து எத்தனை தடவை மலையிறங்கியிருப்பாள்! கீழ்க்கொல்லையில் கல் பொறுக்கி மண்ணாக்கியதும் அவள் கைதான்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லு கோபாலு. அந்தத் தேசத்துல பிரியணும்னவங்க எதுக்குப் பிரியணும்னாங்க?”

அவன் தயங்கினான். “அடிமைங்கள... வெச்சிக்கறதுக்கு. பருத்திக் கொல்லையில வேல செய்யறவங்க.”

“சேரலாமா பிரியலாமான்னு அந்தப் பாடுபட்டவங்கள யாருனா ஒரு வார்த்த கேட்டாங்களா?”

விவாத மேடையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை.

“நீயும் கேக்கல. உங்கண்ணனும் கேக்கல. பதினெட்டு வருஷம்... இருன்னா இருக்கணும், பிரின்னா பிரியணும். அவ்ளோதானா நானு?”

அண்ணன் தம்பி இருவருமே தலை குனிந்தார்கள். கோபால்சாமியின் மனைவி அம்சவல்லி, டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தாள்.

பத்து மணிக்குப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். “இன்னாப்பா, எப்படிப் பிரிக்கலாம்?”

கோபால்சாமி எழுந்தான். “மொதல்ல எங்க அண்ணியக் கேளுங்க.”

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்ணைக் கேட்டுப் பாகம் பிரித்த வழக்கம் அந்த ஊரில் இல்லை. மங்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“கீழ்க்கொல்லை தம்பிக்கு. மேட்டுக்கொல்லை எங்களுக்குப் போதும். ஆனா அடுப்பு ஒண்ணுதான்... அதப் பிரிக்க நான் ஒத்துக்க மாட்டேன்!”

“அக்கா!” என்று அம்சவல்லி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். கோபால்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு டம்ளரை நீட்டினான்.

“கஞ்சி... இன்னும் இருக்குதா அண்ணி?”

“உனக்கில்லாமயா?” என்று சொல்லிவிட்டு மங்கம்மாள் அடுப்படிக்குப் போனாள்.