வேறு யாராவது இருக்கிறார்களா?

தீனதயாளன் 'இல்லை' என்பதைத்தான் அழுத்தினான். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. 'இல்லை' என்றால் நன்றி சொல்லி முடித்துக்கொள்ள வேண்டிய படிவம், 'அவர் பெயர் என்ன?' என்று கேட்டது.

"ச்சே" என்றான். உடனே திட்டுவதற்கு ஆள் தேடினான். அது அவன் வழக்கம். ஆனால் நைனார்பாளையத்து வீட்டில் அப்போது அவனைத் தவிர யாரும் கிடையாது. மனைவி ராதிகா, நான்கு வயது மகள் இலக்கியாவைத் தூக்கிக்கொண்டு களமருதூரிலுள்ள தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அன்று சாயங்காலம் திரும்பி வருவதாகப் பேச்சு. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது, கரண்ட் போயிருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த வீட்டில் வெளிச்சம் என்று இருந்தது அவன் லேப்டாப் மட்டும்தான்.

அவன் பிழைப்பு படிவம் செய்வது. சென்னையில் ஒரு கம்பெனிக்காக இணையத்தில் கணக்கெடுப்புக் கேள்விகளை வரிசை கட்டுவான். 'ஆம்' என்றால் எந்தக் கிளைக்குப் போக வேண்டும், 'இல்லை' என்றால் எங்கே முடிய வேண்டும் என்று பிரித்துவிடுவான். பெரிய மூளை வேலை என்று நினைப்பு. அவனைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே ரகம்: கேள்வி போடத் தெரிந்தவன், பதில் சொல்லத் தெரியாத மண்ணாந்தை. இரண்டாவது ரகத்தில் ஊர் முழுக்க அடக்கம், கட்டிய மனைவி உட்பட. இப்படிப்பட்ட ஆளுக்கு ஒருநாள் பயம் வந்தால் அதைச் சொல்லிக்கொள்ளக்கூட நாதி இருக்காது என்பது அந்த மூளைக்கு அதுவரை எட்டவில்லை.

காலையில்தான் மலர்விழி போன் செய்திருந்தாள். வெள்ளிமலைக்கு மேலே வீடு வீடாகப் போய், கைப்பேசியில் அவன் படிவத்தை நிரப்பும் பெண் அவள்.

"சார், கடைசிக் கேள்வி முடியவே மாட்டேங்குது சார். வேற யாராச்சும் வூட்ல இருக்காங்களான்னு கேட்டா, இருக்காங்க இருக்காங்கன்றாங்க. பேரு கேட்டா சிரிக்கறாங்க."

"இன்னாத்துக்கு?"

"யாரும் இல்லன்னு வாயால சொல்லக் கூடாதாம் சார். அப்பிடிச் சொன்னா, எடம் காலியா கெடக்குதுன்னு எதுனா வந்து குந்திக்குமாம். குஞ்சம்மாள்னு ஒருத்தவங்க என் கையப் புடிச்சிக்கினு, நீயும் சொல்லிடாத கண்ணுன்னாங்க."

தீனதயாளன் வாய்விட்டுச் சிரித்தான். "நல்ல ஜனம்டா சாமி. அதுங்க கத விட்டா நீயும் கேட்டுக்கினு நிக்கறியா? படிச்சவதான நீ? எவன் இருக்காங்கன்னு சொன்னாலும் நீயே 'இல்லை'ய அழுத்திக்கினு வா."

"சரி சார். இன்னொண்ணு சார். ரெண்டு புள்ளைக்கும் தாத்தா பேரையே வெச்சிருக்கற வூடு ஒண்ணு இருக்குது. ஒரே பேரு ரெண்டு வாட்டி போட்டா படிவம் மாட்டிக்குது."

"மொதல்ல வந்தத வெச்சுக்கினு ரெண்டாவதத் தூக்கற மாதிரி போட்டுர்றேன்."

"நெஜமாவே ரெண்டு புள்ளைங்க சார் அது."

"ஒண்ணு போனா இன்னா கெட்டுப்போச்சு? கணக்கு சுத்தமா இருக்கணும். வெய்யி போன."

அப்படியே போட்டான். ஒரே வீட்டில் ஒரே பெயர் இரண்டாம் முறை வந்தால், யாரையும் கேட்காமல் இரண்டாவது ஆளை நீக்கிவிடும். கையோடு, நிரப்புகிறவர்கள் திரும்பிப் போய்ப் பதிலை மாற்றாதபடி பின்செல்லும் பொத்தானையும் எடுத்துவிட்டான். மனுஷன் என்றால் மாற்றத்தான் செய்வான் என்று அவனுக்கு மனுஷன் மேலேயே ஒரு இளக்காரம்.

மாற்றியதைச் சோதிக்க மாதிரி வீடு ஒன்று வேண்டும். கற்பனை செய்யச் சோம்பல். எப்போதும்போல் தன் வீட்டையே போட்டான். ஆளாகத் தன் பெயரை மட்டும் போட்டான். கடைசிக் கேள்வி வந்தபோது மலர்விழி சொன்னது ஞாபகம் வந்து நக்கல் தாங்கவில்லை. இருட்டிக் கிடந்த கூடத்தைப் பார்த்து உரக்கவே சொன்னான்.

"யாரும் இல்லப்பா. வூடு காலிதான். வந்து குந்துங்க!"

சொல்லிக்கொண்டேதான் 'இல்லை'யை அழுத்தினான். அதற்குத்தான் படிவம் பெயர் கேட்டது.

கிளையை எங்கோ தப்பாக இணைத்துவிட்டோம் என்று நினைத்தான். கடைசிவரை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பெயர் கட்டத்தில் 'ககக' என்று தட்டினான். 'சரியான பெயரைத் தரவும்' என்றது. அதுவும் அவன் வைத்த விதிதான். அவன் பாஸ்வேர்டு எல்லாவற்றிலும் இருப்பது மகள் பெயர். விரல் தானாக 'இலக்கியா' என்று அடித்தது. வயது நான்கு. உறவு மகள். 'இவர் இப்போது வீட்டில் இருக்கிறாரா?' 'இல்லை' என்றால் எங்கே போனார், ஏன் போனார், எப்போது வருவார் என்று நீளமாக ஒரு கிளை விரியும். அதற்கெல்லாம் யார் உட்கார்ந்து பதில் போடுவது? 'ஆம்' என்றான்.

மழை பின்பக்கத்துத் தகரத்தில் ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது, பின்னறையில் அடுக்கியிருந்த மக்காச்சோள மூட்டைகளிலிருந்து ஈரமும் புழுக்கமும் கலந்த ஒரு நெடி கூடம்வரை வந்து தொண்டையில் ஒட்டியது, தாழ்வாரத்தில் வைத்த குடத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் குடம் நிறைய நிறையச் சுருதி மாறிக்கொண்டே போனது. இத்தனைக்கும் நடுவில், சிமெண்டுத் தரையில் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுக்கும் சத்தம் ஒன்று பின்னறையிலிருந்து கேட்டது. கொஞ்சம் இழுபட்டு நின்றது. மறுபடி இழுபட்டது. இலக்கியா அப்படித்தான் இழுப்பாள், சுவிட்ச் எட்டாமல்.

'பூனை' என்று சொல்லிக்கொண்டான். ஸ்டூலை இழுக்கிற பூனை! அறிவாளி அல்லவா, வேறு எப்படி நினைப்பான்?

திரையில் அடுத்த கேள்வி வந்திருந்தது. 'எந்த அறையில் இருக்கிறார்?'

அவன் அப்படி ஒரு கேள்வி போடவே இல்லை. கீழே கூடம், சமையலறை, பின்னறை என்று மூன்று வட்டங்கள். அவன் விரல் மேசைமேல் இருந்தது. பின்னறைக்கு எதிரே இருந்த வட்டம் தானாக நிரம்பியது.

ஸ்டூல் சத்தம் நின்றது.

"அப்பா. லைட்டு எரியல."

"கரண்ட்டு இல்லடா கண்ணு" என்று அவன் பதில் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான், யாருக்குச் சொன்னோம் என்று உறைத்தது. எழ நினைத்தான்.

போன் அடித்தது. ராதிகா.

"சின்னசேலம் தாண்டிட்டோம்ங்க. மழைல பஸ்ஸு உருட்டிக்கினு வருது."

"பாப்பா? பாப்பா எங்க?"

"இன்னாங்க, பதறிக்கினு? மடியிலதான் குந்திக்கினு இருக்கா. இந்தா, அப்பாகிட்ட பேசு."

"அப்பா! மழ!"

போனில் கேட்டது. பின்னறையிலிருந்தும் கேட்டது. அதே குரல், அதே குதூகலம், ஒரே ஒரு மூச்சு தாமதமாக. கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்வதுபோல.

"ராதிகா, வராத! அங்கியே எறங்கிக்கோ, புள்ளையக் கூட்டிக்கினு திரும்பிப் போயிடு!"

"கேக்கலங்க... மழ சத்தம்... பாப்பா தூக்கத்துல சொக்கறா... வந்து பேசிக்கலாம்..."

இணைப்பு போய்விட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். போகவில்லை.

அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதான். பிள்ளை வந்துகொண்டிருக்கிறது, நேராக இந்த வீட்டுக்குள். அவள் பெயரை, அவள் வயதை, அவள் இருக்க வேண்டிய இடத்தை அவன்தான் தூக்கி அந்த அறைக்குள் போட்டிருந்தான். அதுவும் கேள்விக்குச் சோம்பிக்கொண்டு.

திரையில் பழைய கேள்வி மறுபடியும் வந்தது. 'வேறு யாராவது இருக்கிறார்களா?'

காலையில் சிரித்தானே, அதே வார்த்தையை இப்போது சாமி பெயர்போல் சொன்னான். "இருக்காங்க. இருக்காங்க. நெறைய பேரு இருக்கோம். எடமே இல்ல." 'ஆம்' என்று அழுத்தினான். பெயர் கேட்டது. ராதிகா என்று போட்டான். உறவு மனைவி, ஏற்றுக்கொண்டது. பின்னறையில் ஒரு சத்தமும் இல்லை. கேட்கிறது, அடங்குகிறது என்று நினைத்தான். மறுபடி 'ஆம்'. உண்மையான பிள்ளைக்கு உண்மையான இடத்தைக் கொடுத்துவிட்டால் போதும். அடித்தான். இலக்கியா. மகள். நான்கு.

அழுத்திய பிறகுதான் புத்தி வந்தது.

'இதே பெயர் ஏற்கெனவே பதிவாகியுள்ளது. இரண்டாவது நபர் நீக்கப்பட்டார். நன்றி.'

பின்செல்லும் பொத்தான் இருந்த இடத்தைக் குத்தினான். குத்தினான். அங்கே ஒன்றும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தான் என்று தெரியாது.

கேட் திறந்தது. செருப்புச் சத்தம். ஒரே ஜோடி.

கதவில் ராதிகா நின்றாள். ஒருத்தி மட்டும்.

"பாப்பா எங்கடி?"

"என்னக் கேக்கறீங்க? உங்ககிட்டதான வுட்டுட்டு ஒண்டியா போனேன்." முந்தானையைப் பிழிந்தாள். "சோறாவது போட்டீங்களா அவளுக்கு?"

தலையிலிருந்து கால்வரை தொப்பலாக நனைந்திருந்தாள். இடது தோளில் மட்டும் ஓர் இடம் நனையவில்லை. தூங்கும் குழந்தையின் தலை அளவுக்கு அங்கே உலர்ந்த துணி. அதன் நடுவில் கொஞ்சம் எச்சில்.

"அம்மா" என்றது பின்னறை.

"தோ வந்துட்டேன்டா செல்லம்."

அவள் கையைப் பிடித்தான்.

"வுடுங்க. இன்னா மனுஷன் நீங்க? கொழந்தைய இருட்டுல போட்டுட்டு, பொட்டியக் கட்டிக்கினு அழுவறீங்க." அவனை ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மக்காச்சோள நெடி. ஸ்டூல் சாய்ந்தது. அவள் கொஞ்சும் சத்தம்.

திரும்பி வந்தாள், இடுப்பில் தூக்கிக்கொண்டு. லேப்டாப் வெளிச்சத்துக்கு வந்தாள். சிரித்துக்கொண்டே முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அது அந்த உலர்ந்த இடத்தில் தலையைச் சாய்த்தது.

அதன் தலைக்கு இடம் போதவில்லை.