பம்பரைத் தூக்கிய சொட்டு

காரின் பின்பக்க பம்பரில், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக, வட்டமாக ஒரு சென்சார் இருந்தது. கார் பின்னால் வரும்போது யாராவது குறுக்கே வந்தால் உள்ளே ‘பீப் பீப்’ என்று சத்தம் கேட்கும்.

போன வாரம் அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் வளையம் பெயர்ந்து, சென்சார் உள்பக்கமாக விழுந்துவிட்டது. சத்தமும் நின்றுபோனது. அன்றைக்குப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பொடியன் காருக்குப் பின்னால் உட்கார்ந்து மண் அள்ளிக்கொண்டிருந்தான். கண்ணாடியில் தெரியாத உயரம் அவன். அப்பா வண்டியைப் பின்னால் எடுத்தபோது வாசலில் நின்ற சுண்டு மட்டும் அலறியிருக்காவிட்டால்!

சுண்டுவின் அப்பா வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு இறங்கினார். “சென்சார் சரியாகாம இந்த வண்டியைத் தொடமாட்டேன்” என்றார்.

ஆனால் நாளைக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் அத்தையின் கால் மாவுக்கட்டைப் பிரிக்க வேண்டும். நீட்டிய காலோடு அத்தை ஆட்டோ மாதிரி சின்ன வண்டியில் ஏறினால், கால் மட்டும் வெளியே வரும்.

“அண்ணா, உள்ள அரிக்குது! நாளைக்குப் பிரிக்கலேன்னா நானே சுத்தியலை எடுத்துடுவேன்!” ஜன்னலிலிருந்து அத்தை குரல் கொடுத்தாள். கட்டுக்குள் ஒரு ஸ்கேலை விட்டுச் சொறிந்துகொண்டிருந்தாள்.

கழற்றிய பம்பர் பழைய போர்வைமேல் கிடந்தது. அப்பா இரண்டு தடவை வளையத்தை ஒட்டிப் பார்த்துவிட்டார். இரண்டு தடவையும் காய்ந்த பசை தோல் மாதிரி உரிந்து வந்தது.

“இந்த பிளாஸ்டிக் வழுக்குது. பசை பிடிக்கணும்னா முன்னாடி பிரைமர்னு ஒரு திரவம் பூசணுமாம்” என்று கடைக்குக் கிளம்பினார். சுண்டுவும் ஒட்டிக்கொண்டாள்.

கடையில் இரண்டு பிரைமர் புட்டிகள் இருந்தன. ஒன்று பெரியது, சிவப்பு மூடி. மற்றது சின்னது, வெள்ளை மூடி. இரண்டிலும் ‘பிளாஸ்டிக்குக்கு’ என்றுதான் போட்டிருந்தது.

“எதுங்க நல்லது?”

“ரெண்டுமே நல்லாத்தான் போகுது சார்” என்றார் கடைக்காரர்.

இரண்டும் வீட்டுக்கு வந்தன. அப்பா சிவப்பு மூடியைத் திருகினார். “இதுதான் பெருசு.”

“அப்பா, முதல்ல ரெண்டையும் உள்பக்க ஓரத்துல பூசிப் பார்க்கலாமா? வெளியே தெரியாது.”

“நேரமில்ல சுண்டு.”

“மறுபடி பிச்சுக்கிட்டு வந்தா மட்டும் நேரம் இருக்குமாப்பா?”

“கேட்டா பாரு ஒரு கேள்வி!” என்று ஜன்னலில் அத்தை சிரித்தாள்.

ஓரத்தைத் துடைத்து இரண்டு இடங்களில் பூசினார்கள். இரண்டுமே தண்ணீர் மாதிரிதான் இருந்தன. காய்ந்ததும் பூசிய இடமே தெரியவில்லை. அப்பா விரலால் தடவிப் பார்க்கப் போனார்.

“தொடாதீங்கப்பா! பூசியிருக்கு!”

“எங்க?”

“அங்கதான்... இருக்கணும்.”

இரண்டு இடத்திலும் பசை வைத்து, உடைந்த பிளாஸ்டிக் துண்டுகளைச் சுண்டு ஒட்டினாள். மத்தியானம் வரை காத்திருந்தார்கள்.

சிவப்பு மூடி பூசிய இடத்துத் துண்டை நகத்தால் சுண்டினாள். டப்! தெறித்தது.

வெள்ளை மூடி இடத்தில் சுண்டினாள். அசையவில்லை. இழுத்தாள். ஊஹும். அப்பா குறட்டால் பிடித்து மேலே தூக்கினார்.

பம்பரின் ஒரு முனை போர்வையை விட்டு எழுந்தது. பிறகு மறுமுனையும்!

அவ்வளவு பெரிய பம்பர், கட்டைவிரல் நகமளவு துண்டில் தொங்கிக்கொண்டு, காற்றில் மெல்ல ஆடியது. ஜன்னலில் ஸ்கேல் நின்றுவிட்டது.

சுண்டு தரையில் படுத்து, வெளிச்சத்துக்கு எதிரே தலையைச் சாய்த்துப் பார்த்தாள். துண்டு இருந்தது. பசை இருந்தது. இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்த அது மட்டும் கண்ணில் படவே இல்லை.

“அப்பா, இத்துனூண்டு சொட்டு... எப்படிப்பா?”

“தெரியலடா” என்றார் அப்பா. யாரோ தூங்கும் அறையில் பேசுவதுபோல் அவர் குரல் இறங்கியிருந்தது.

வெள்ளை மூடியைப் பூசியே வளையத்தை ஒட்டினார்கள். காலையில் சென்சாரை வளையத்தில் பொருத்தி, பம்பரை மாட்டினார்கள். அத்தை பின்சீட்டு முழுக்கக் காலை நீட்டிக்கொண்டாள். சுண்டு ஓரமாக நிற்க, கார் மெல்லப் பின்னால் நகர்ந்தது.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. கையில் வாளியோடு பொடியன் ஓடிவந்தான்.

பீப்... பீப்... பீப்பீப்பீப்!

கார் நின்றுவிட்டது. சுண்டு பாய்ந்து அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

பொடியன் கண்ணை அகல விரித்துக் காரைப் பார்த்தான். “அக்கா, காருக்கு விக்கல்!”

“அப்போ அதுக்குத் தண்ணி குடுங்க” என்றாள் அத்தை உள்ளேயிருந்து. “ஆனா சீக்கிரம். எனக்கு அரிக்குது!”