மூன்று மடக்குத் தண்ணீர்

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. என் இரண்டு கண்கள் மேலும் சத்தியம். ஒரு கண்ணில் புரை விழுந்திருப்பதால் சத்தியத்தின் பலம் குறையாது என்று கண் டாக்டரே சொல்லியிருக்கிறார்.

காலை 7.10. டவாலி வீட்டின் இடது அறைக் கட்டிலில் ஒரு முழுச் செங்கல் படுத்திருந்தது. தலையணையில் ரத்தம். ஜன்னலில் கண்ணாடி என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. பெண் சப்-இன்ஸ்பெக்டர் செங்கல்லை நலம் விசாரிப்பதுபோலக் குனிந்து பார்த்தார். ஸ்டேஷனில் அவருக்கு ‘ஊசி’ என்று பெயர். குத்தும்போது தெரியாது, பிறகுதான் வலிக்கும்.

டவாலி என்றால், கோர்ட்டில் நீதிபதிக்கு முன்னால் நடந்து ‘சைலன்ஸ்’ சொல்லி, அவர் மேஜையில் தண்ணீர் வைப்பவர். அவர் செய்த குற்றமும் அதுதான். லஞ்ச வழக்கில் மந்திரிக்கு மூன்று வருடம் என்று தீர்ப்பு வாசிக்கும் முன் நீதிபதி கொஞ்சம் தண்ணீர் குடித்தார். அந்தக் காட்சியை யாரோ படம்பிடித்து வலையில் ஏற்றிவிட்டார்கள்.

மந்திரியின் ஆட்கள் கண்டுபிடித்தார்கள்: நீதிபதி குடித்தது மூன்று மடக்கு, கொடுத்தது மூன்று வருடம். ஆக, டம்ளர்தான் சமிக்ஞை. டம்ளர் நீலம், எதிர்க்கட்சிக் கொடியும் நீலம். வானத்தையும் அவர்கள் வாங்கிவிட்டதாக ஒருவர் எழுத, ஆயிரக்கணக்கானோர் ஆமோதித்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்களும் சளைக்கவில்லை. டம்ளரில் பாதித் தண்ணீரை மந்திரியின் கையாள் கொட்டிவிட்டானாம். இல்லாவிட்டால் பத்து மடக்கு, பத்து வருடம். மந்திரி வாங்கிய லஞ்சத்தைப் பற்றி மட்டும் இரண்டு பக்கமும் மூச்சு விடவில்லை.

நேற்று மாலை, மந்திரி படத்தை முகமாக வைத்த ஒரு கணக்கிலிருந்து டவாலி வீட்டுப் புகைப்படம் வந்தது. கீழே எழுதியிருந்தது: ‘தண்ணி குடுத்த துரோகி வீடு. தெருவுல நின்னா இடது பக்க ஜன்னல். அங்கதான் படுப்பான்.’ இரவு கல் பறந்தது. இன்று காலை கூட்டம் அறிவித்துவிட்டது: ‘சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி வர்றோம்.’

வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடவும் வழியில்லை. வலது அறையில் டவாலியின் அம்மா ஆக்சிஜன் மிஷினோடு படுத்திருந்தார். அசைத்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

முதல் விசாரணை மச்சானிடம். அதாவது டவாலி மனைவியின் தம்பி. மந்திரியின் பரம பக்தன். தலையில் கட்டு, கையில் போன்.

“கல்லு எறிஞ்சது யாரு?”

“எதிர்க்கட்சிக்காரன் மேடம். எங்க ஆளுங்க மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு.”

“வந்தவன் பூரா உன் குரூப்ல இருக்கான்.”

“அதைத்தான் மேடம் சொல்றேன். எவ்வளவு ஆழமா ஊடுருவியிருக்கான் பாருங்க.”

“தலையில மூணு தையல் போட்டிருக்கு உனக்கு.”

“மூணு,” என்றான் மச்சான், அர்த்தத்தோடு.

“இவன்தான் மேடம் அட்ரஸ் போட்டிருப்பான்,” என்றாள் அவனுடைய அக்கா. “கூடப் பொறந்தவதான் சொல்றேன்.”

டவாலியின் சொந்தத் தம்பி அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்துத் தெருவில் குடியிருப்பவன், எதிர்க்கட்சிக்காரன். ‘ரவுடிக் கட்சியின் உண்மை முகம்’ என்று விடிந்ததும் டிவிக்காரர்களுக்குப் பேட்டி கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

ஊசி டவாலியிடம் திரும்பினார். “நீங்க எந்த ரூம்ல படுப்பீங்க?”

“அம்மா பக்கத்துல, தரையில. மிஷின் நின்னா எழுந்திருக்கணுமே.”

“இடது ரூம்?”

“மச்சானுக்கு விட்டுட்டோம், மேடம். இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து.”

ஊசி அந்தப் பதிவை இன்னொரு முறை படித்தார். பகல் 11.00 மணிக்கு எல்லோரையும் கூடத்தில் நிற்கவைத்தார்.

“வீட்டைப் பத்தித் தெரியாதவன் வாசலைக் காட்டுவான், ஜன்னலைக் காட்ட மாட்டான். தெரிஞ்ச விரோதி சரியான ஜன்னலைக் காட்டுவான். இவன் தெரிஞ்சே தப்பான ஜன்னலைக் காட்டியிருக்கான். வலது பக்கம் ஒரு கல்லுகூட விழக்கூடாது. ஏன்னா அங்க படுத்திருக்கறது அவன் அம்மா.”

“எனக்கும் அவங்க அம்மா மாதிரிதான்,” என்றான் மச்சான், பெருமையாக.

“இருக்கலாம். ஆனா உன் மண்டைக்கு நீயே அட்ரஸ் குடுத்திருக்க மாட்ட. அவ்வளவு தூரம் உனக்கு இன்னும் முத்தலை.”

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். அவன் போனைப் பின்னால் மறைத்தான். ஊசி கை நீட்டி வாங்கினார். மந்திரி முகம் வைத்த கணக்கு அதில்தான் இருந்தது.

“கல்லு விழுந்தாத்தானே மேடம் அவனுங்க யாருன்னு ஜனங்களுக்குப் புரியும்,” என்றான் தம்பி. “மச்சான் மேல பட்டா, அவனுங்க கல்லு அவனுங்க ஆளு மேலயே...”

‘சைலன்ஸ்’ தவிர வேறெதற்கும் குரலை உயர்த்தாத டவாலி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். “உன் கட்சிக்குக் கல்லு வேணும்னா உன் வீட்டு மேல வாங்கிக்கடா, நாயே. இங்க அம்மா மூச்சு விடறதே பெரும்பாடா இருக்கு.”

“அண்ணே, கண்ணாடிதாண்ணே உடையும்னு நினைச்சேன்.”

“பேசாதே.”

ஊசி போனைத் திருப்பிக் கொடுத்து உத்தரவிட, தம்பி தன் முகத்தோடு வீடியோ போட்டான்: பதிவு போட்டது நான், அண்ணன் கொடுத்தது வெறும் தண்ணீர். உடனே மந்திரி பக்கம் கண்டுபிடித்தது: அவன் கண் சிமிட்டுவதைப் பாருங்கள், துப்பாக்கி முனையில் பேசுகிறான். அவனுடைய சொந்தக் கட்சி இன்னும் வேகம்: விலை போய்விட்டான்.

மாலை 5.50. இருந்த ஆறு போலீஸ்காரர்களையும் ஊசி வலது ஜன்னல் முன் நிறுத்தினார். தம்பியிடம் இடது அறையைக் காட்டினார்.

“போய்ப் படு.”

“மேடம், கொன்னுடுவாங்க.”

“நீ குடுத்த அட்ரஸ்தானே? கட்டிலுக்கு அடியில இடம் இருக்கு. நானும் கூடத்தான் வர்றேன், நட.”

கூட்டம் வந்தது. பதிவில் காட்டிய இடது ஜன்னலுக்கே எறிந்தது. மச்சான் கட்டுப்போட்ட தலையோடு வாசலில் நின்று, “அது என் ரூம்டா, நான் உங்க ஆளுடா” என்று கத்தினான். போலி, போலி என்று அவனையும் துரத்தினார்கள். ஸ்டேஷன் வேன் வந்து ஏற்றியபோது பார்த்தால், எறிந்தவர்களில் பாதிப் பேர் எதிர்க்கட்சி. கல் குறைந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில் வந்திருந்தார்கள். தம்பியும் அதே வேனில் ஏறினான். கைவிலங்கு அவனுக்கு மட்டும்.

வலது அறையில் மிஷின் ஒரு நொடிகூட நிற்கவில்லை. டவாலி அம்மாவின் தலையைத் தூக்கிப் பிடித்து, ஸ்பூனால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். எத்தனை மடக்கு என்று அவர் எண்ணவில்லை.

மந்திரியின் அப்பீலில் தீர்ப்பு, அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி சொல்லப்படும்.